இரண்டு மைக்கில் ஒரு டிரம் கிட்: ஹெட்லி கிரேஞ்ச் ஒலிப்பதிவு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு டிரம் கிட்டை ஒலிப்பதிவு செய்ய எத்தனை மைக் வேண்டும் என்று இன்றைய ஸ்டுடியோக்களில் கேட்டால், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை சொல்வார்கள். காலால் மிதித்து அடிக்கும் பெரிய கிக் டிரம்முக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அடித்தோலில் கம்பிகள் அதிரும் டிரம்மான ஸ்னேருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. டாம் எனப்படும் மற்ற டிரம்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. காலால் திறந்து மூடும் இரட்டை உலோகத் தட்டான ஹை-ஹாட்டுக்குத் தனியாக ஒன்று. தலைக்கு மேல் இரண்டு. அறையின் ஒலிக்கு இரண்டு என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். வீட்டிலோ சிறிய ஒத்திகை அறையிலோ பதிவு செய்பவரிடம் இருப்பது பெரும்பாலும் மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டே மைக் இணைப்புகள் கொண்ட இன்டர்ஃபேஸ்தான். மைக் போதவில்லை என்று டிரம்ஸ் பதிவையே கைவிட்டு, கணினியில் மாதிரி ஒலிகளை வைத்து ஒப்பேற்றிவிடுபவர்கள் பலர். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு பதிவை இங்கே ஆராய்கிறேன். ராக் இசையில் மிக அதிகம் பேசப்பட்ட டிரம்ஸ் ஒலிகளுள் ஒன்று, லெட் செப்பலின் என்னும் ராக் குழுவின் ‘வென் த லெவீ பிரேக்ஸ்’ பாட்டில் கேட்பது, இரண்டே மைக்குகளால் எடுக்கப்பட்டது. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைக் காரணகாரியத்தோடு புரிந்துகொண்டால், சேனல் (தனித்தனியாகப் பதிவாகும் ஒலிவழி) குறைவு என்பது எந்த அளவுக்குத் தடை, எந்த அளவுக்கு நாமே கற்பித்துக்கொண்ட தடை என்பது தெளிவாகும்.

நிகழ்வு

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், ஹெட்லி என்னும் சிற்றூரில், ஹெட்லி கிரேஞ்ச் என்ற மூன்று தளக் கல் கட்டடம் இருக்கிறது. 1795 இல் ஏழைகளையும் ஆதரவற்றோரையும் தங்கவைத்து வேலை வாங்கும் இல்லமாகக் கட்டப்பட்டது அது. லெட் செப்பலின் குழு தனது நான்காம் ஆல்பத்துக்கான வேலையை 1970 டிசம்பரில் லண்டனின் ஐலண்ட் ஸ்டுடியோவில் தொடங்கிய பிறகு, இந்த வீட்டுக்கு இடம் மாறியது. வீட்டுக்குள் ஸ்டுடியோ எதுவும் கிடையாது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வெளியே நிறுத்தி, அதிலிருந்து கேபிள்களை வீட்டுக்குள் இழுத்துப் பதிவு செய்தார்கள். அந்த வண்டியில் ஹீலியோஸ் மிக்ஸர் இருந்தது. இப்போது அந்த வண்டி கனடாவின் கால்கரி நகரில் உள்ள தேசிய இசை மையத்தில் பாதுகாக்கப்படுகிறது.

ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். டிரம்ஸ் வாசித்தவர் ஜான் பான்ஹம். பதிவான பாட்டு, 1927 ஆம் ஆண்டின் மிசிசிப்பி பெருவெள்ளத்தைப் பற்றி கான்சாஸ் ஜோ மக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் 1929 இல் பதிவு செய்த ‘வென் த லெவீ பிரேக்ஸ்’ என்னும் புளூஸ் பாடலின் புதிய வடிவம். இதே பாட்டை முன்பே ஸ்டுடியோவில் முயன்று பார்த்து, அது உயிரற்றுப்போனதால் விட்டிருந்தார்கள். ஹெட்லி கிரேஞ்சில் டிரம் கிட் வழக்கமான அறையில் அல்லாமல், மூன்று தளங்களின் உயரத்துக்கும் திறந்திருக்கும் மாடிப்படிக் கூடத்தின் அடியில் வைக்கப்பட்டது. அது அங்கே போனதற்கான காரணத்தைச் சம்பந்தப்பட்டவர்கள் இரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். புதிதாக வந்திறங்கிய கிட்டைக் கூடத்திலேயே பூட்டி வைத்திருந்தார்கள், பான்ஹம் வந்து வாசித்தபோதுதான் அந்த இடத்தின் ஒலி தெரிந்தது என்பது கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் சொன்னது. தன் டிரம்ஸ் தன் காதுக்குக் கேட்பதுபோலப் பதிவில் வருவதில்லை என்ற குறை பான்ஹமுக்கு இருந்தது, மற்றவர்கள் வெளியே போயிருந்த நேரத்தில் அவரை மட்டும் இருத்திவைத்து அந்த ஏற்பாட்டைச் செய்து பார்த்தேன் என்பது ஜான்ஸ் சொன்னது. எது முதலில் நடந்ததென்று தீர்ப்புச் சொல்வதைவிட, இரண்டு கூற்றுகளும் ஒத்துப்போகும் புள்ளியைக் கவனிப்பது பயனுள்ளது: மைக்கைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இடம் தேர்வாகிவிட்டது.

மாடிப்படியின் உயரத்திலிருந்து கிட்டை நோக்கி இரண்டு பேயர்டைனமிக் எம் 160 மைக்குகள் வைக்கப்பட்டன. கிக் டிரம்முக்கென்று தனி மைக் இல்லை, ஸ்னேருக்கும் இல்லை. அந்த இரண்டு சேனல்களும், உரத்த ஒலியை அமுக்கும் லிமிட்டர்கள் வழியாகச் சென்றன. பேஜிடம் இருந்த பின்சன் எக்கோரெக் என்னும் இத்தாலிய எதிரொலிக் கருவியும் சேர்க்கப்பட்டது. சுழலும் காந்த வட்டில் ஒலியைப் பதிந்து, சுற்றிலும் உள்ள முனைகளால் மறுபடி படித்துத் தரும் கருவி அது. பாட்டு வேறு வேகத்தில் பதிவாகி, பின்னர் நாடாவின் வேகம் குறைக்கப்பட்டதால் ஒலி இன்னும் கனத்தது. ஆல்பம் 1971 நவம்பர் 8 அன்று வெளிவந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் சவுண்டு ஸ்டுடியோவில் செய்த மிக்ஸ்கள் லண்டனில் கேட்டபோது ஏமாற்றமளித்ததால் மற்ற பாட்டுகளுக்கெல்லாம் மீண்டும் மிக்ஸிங் செய்தார்கள். அங்கிருந்து தப்பிப் பிழைத்த மிக்ஸ் இந்த ஒரு பாட்டினுடையதுதான். பாட்டின் தொடக்கத்தில் டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் இரண்டு தாள வட்டங்களைப் பின்னாளில் எத்தனையோ ஹிப்-ஹாப் கலைஞர்கள் வெட்டி எடுத்துப் பயன்படுத்தினார்கள்; பீஸ்டி பாய்ஸின் 1986 ஆம் ஆண்டு முதல் ஆல்பம் தொடங்குவதே அந்தத் தாளத்தோடுதான்.

கிக் மைக் இல்லாமல் கிக் எப்படிக் கேட்கிறது?

இந்தப் பதிவைக் கேட்கும் எவருக்கும் முதலில் எழவேண்டிய கேள்வி இது. தலைக்கு மேல் இரண்டு மைக் வைத்து வீட்டில் முயன்றவர்களுக்குக் கிடைக்கும் அனுபவம் நேர் எதிரானது: உலோகத் தட்டுகளான சிம்பல்கள் காதைக் கிழிக்கும், கிக் எங்கோ பக்கத்து வீட்டில் அடிப்பதுபோல் இருக்கும். அதே இரண்டு மைக், அதே ‘மேலிருந்து’ என்ற நிலை. பிறகு ஏன் இந்த வேறுபாடு? விடை தூரத்தில் இருக்கிறது. அதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

நேரடி ஒலியின் அளவு, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைகிறது. கிட்டுக்கு மேல் வழக்கமான உயரத்தில் ஒரு மைக் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து சிம்பல் 40 சென்டிமீட்டர் தூரத்திலும், கிக் டிரம் 130 சென்டிமீட்டர் தூரத்திலும் இருக்கின்றன. தூர வேறுபாடு ஒன்றினால் மட்டுமே சிம்பலுக்குக் கிக்கைவிட ஏறத்தாழ 10 டெசிபல் கூடுதல் சலுகை கிடைத்துவிடுகிறது. இப்போது அதே மைக்கை மேலும் நான்கு மீட்டர் உயர்த்துவோம். சிம்பல் 4.4 மீட்டர், கிக் 5.3 மீட்டர். சலுகை 2 டெசிபலுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கிட்டின் எல்லா உறுப்புகளும் மைக்குக்கு ஏறக்குறைய ஒரே தொலைவில் நிற்கின்றன. அதாவது, எதிரே நின்று கேட்கும் ஒருவரின் காதுக்கு எட்டும் சமநிலையே மைக்குக்கும் எட்டுகிறது. பான்ஹம் கேட்டதாகச் சொல்லப்படும் குறைக்கு இதைவிட நேரான தீர்வு இல்லை.

தூரம் போனால் கூடவே அறையின் எதிரொலிப்பு அதிகமாகிவிடுமே என்றால், ஆம், அதிகமாகும். அதனால்தான் இந்த உத்தி எல்லா இடத்திலும் பலிப்பதில்லை. நான்கு மீட்டர் மேலே போக, முதலில் நான்கு மீட்டர் இருக்க வேண்டும். ஹெட்லி கிரேஞ்சின் கூடத்தில் அந்த உயரம் இருந்தது. கல்லும் காரையும் மரப்படிகளும் சேர்ந்த சமனற்ற பரப்புகள் இருந்தன. படிகளும் கைப்பிடிகளும் ஒலியைப் பல திசைகளில் சிதறடிப்பதால், வெறும் நான்கு சுவர் கொண்ட கான்கிரீட் அறையில் கேட்கும் அந்தச் சிலிர்க்கும் படபடப்பு அங்கே எழ வாய்ப்புக் குறைவு.

மைக்கின் தன்மையும் இதோடு சேர்ந்து நோக்கத்தக்கது. எம் 160 இரட்டை ரிப்பன் மைக், அதாவது மெல்லிய உலோக நாடாக்களின் அதிர்வால் ஒலியை வாங்குவது. ரிப்பன் மைக்குகளில் பெரும்பாலானவை முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும். இது ஒரு பக்கமாகக் குறுகிக் கேட்கும் வகை. எனவே தொலைவில் வைத்தாலும் கிட்டின் மீது ஓரளவு கவனத்தைக் குவிக்க முடிகிறது. தவிர, ரிப்பன் மைக்கின் உச்ச அதிர்வெண் பகுதி மென்மையானது. சிம்பல்களின் கூர்மை அந்த இடத்திலேயே மட்டுப்பட்டு, எஞ்சியிருப்பது ஸ்னேரின் உடலும் கிக்கின் நிறையும்தான். அந்த இடத்தில் ஒரு விலை குறைந்த, உச்சத்தில் பளிச்சிடும் கண்டென்சர் மைக் இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பது என் துணிபு.

வாசிப்பவரே மிக்ஸிங் செய்கிறார்

எட்டு சேனலில் பதிவு செய்தால், ஹை-ஹாட் உரத்துப்போனால் பின்னால் இறக்கிக்கொள்ளலாம். இரண்டு சேனலில் அது நடக்காது. ஸ்னேருக்கும் ஹை-ஹாட்டுக்கும் இடையேயான அளவு, வாசிப்பவரின் வலது கையும் இடது கையும் அந்த நொடியில் முடிவுசெய்த அளவு. மாற்ற வழியே இல்லை. சேனல் குறைவைப் பற்றிப் பேசும்போது மைக் வகைகளையும் விலைகளையும் பற்றியே பேசி, இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மைக் பதிவில் முதல் மிக்ஸிங் பொறியாளர் டிரம்மர்தான். ஹை-ஹாட்டை ஆவேசமாகவும் கிக்கைத் தயக்கமாகவும் வாசிக்கும் ஒருவரை அந்த மாடிப்படியின் கீழே உட்காரவைத்திருந்தால், அதே மைக்குகள் அவருடைய அந்தக் குறையைத்தான் உண்மையாகப் பதிவுசெய்திருக்கும்.

பான்ஹம் உரத்து வாசிப்பவர் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவருடைய உள்சமநிலை. இந்தப் பாட்டில் ஹை-ஹாட் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒருபோதும் ஸ்னேரை மீறுவதில்லை. கிக் ஒவ்வொன்றும் ஒரே எடையில் விழுகிறது.

கிட்டைத் தயார்செய்த விதமும் இதே அளவுக்கு முக்கியம். அவருடைய கிக் டிரம் 26 அங்குல விட்டம் கொண்டது. முன்தோலில் துளை இல்லாமல், உள்ளே தலையணையோ கம்பளியோ திணிக்காமல், சற்றே இறுக்கமாக ட்யூன் செய்து முழங்கவிடுவது அவர் வழக்கம். இன்று பலரும் செய்வது இதற்கு மாறானது. உள்ளே போர்வையை அடைத்து, ‘டப்’ என்று உடனே நின்றுவிடும் ஒலியை உருவாக்குகிறார்கள். டிரம்முக்குள் மைக்கை நுழைத்து எடுக்கும்போது அது சரியான முறை. தோலில் அடிக்கும் கட்டையின் தட்டொலி துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் மைக் பல மீட்டர் தள்ளி இருக்கும்போது அந்தத் தட்டொலி வந்து சேர்வதில்லை. வந்து சேர வேண்டிய முழக்கத்தையோ போர்வை விழுங்கிவிட்டது. எனவே மைக் தொலைவில் இருக்கப்போகிறது என்றால், முதல் வேலையாக டிரம்முக்குள் இருக்கும் துணியை வெளியே எடுக்க வேண்டும். ஸ்னேரின் மீது ஒட்டிய பிசின் துண்டுகளுக்கும் இது பொருந்தும். கிட்டின் அருகே உட்கார்ந்து கேட்கும்போது எரிச்சலூட்டும் அதிர்வின் நீட்சி, நான்கு மீட்டர் தள்ளிக் கேட்கும்போது அந்த ஸ்னேரின் குணமாகவே மாறிவிடும்.

பாட்டின் நடை மெதுவானது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளிவந்த வடிவத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 70 தட்டு என்ற வேகத்தில் செல்கிறது. ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.85 நொடி. கூடம் முழங்கி அடங்க அந்த இடைவெளியில் இடமிருக்கிறது. லிமிட்டரின் வேலை தெரிவதும் அந்த இடைவெளியில்தான்: அடி விழும்போது லிமிட்டர் ஒலியை அமுக்குகிறது, அடி ஓய்ந்ததும் பிடியைத் தளர்த்துகிறது, அப்போது கூடத்தின் எதிரொலிப்பு கீழிருந்து மேலெழுந்து வருகிறது. காது அதை ஒரு பெரிய இடத்தின் மூச்சாக உணர்கிறது. எக்கோரெக்கின் மறுஒலி அதற்குள் சன்னமாக விழுந்து, அடிக்குப் பின்னால் இன்னொரு மெல்லிய அடி தொடர்வதுபோலத் தாளத்தை நகர்த்துகிறது. ஹெட்போனில் தொடக்கப் பகுதியை மட்டும் சிலமுறை கேட்டால் இந்த இரண்டையும் பிரித்தறியலாம்.

அண்ணனின் முறையும் அபே ரோடும்

ஆண்டி ஜான்ஸின் அண்ணன் க்ளின் ஜான்ஸும் ஒலிப்பதிவாளர். லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை 1968 இல் லண்டனின் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதிவு செய்தவர் அவர். டிரம்ஸுக்கு வைத்த மைக்குகளில் ஒன்றின் ஒலி மிக்ஸரில் தற்செயலாக ஒரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டிருந்ததால் டிரம்ஸ் ஸ்டீரியோவாக விரிந்து கேட்டது, அதிலிருந்தே தன் முறை பிறந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். மாடிப்படிக் கூடம் இல்லாதவர்களுக்கு உண்மையில் கைகொடுப்பது அண்ணனின் முறைதான். ஆகவே அதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

ஸ்னேரின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு மைக். இரண்டாவது மைக், தரையில் நிற்கும் பெரிய டாமான ஃப்ளோர் டாமின் பக்கம், அதன் விளிம்பைவிட ஒரு சாண் உயரத்தில், டாமைத் தாண்டி ஸ்னேரையும் ஹை-ஹாட்டையும் பார்த்தபடி இருக்கும். இரண்டும் ஸ்னேரின் நடுப்புள்ளியிலிருந்து சம தூரத்தில் இருந்தாக வேண்டும். இதை அளக்க டேப் வேண்டியதில்லை. ஒரு நூலின் முனையை ஸ்னேரின் நடுவில் ஒருவர் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அதை முதல் மைக்கின் முகம் வரை இழுத்து, அந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, அதே முடிச்சு இரண்டாவது மைக்கின் முகத்தைத் தொடும்வரை ஸ்டாண்டை நகர்த்தினால் முடிந்தது. கிக்கின் அடிபடும் இடத்திலிருந்தும் இரண்டு மைக்குகளும் கூடியவரை சம தூரத்தில் இருக்கும்படி ஸ்டாண்டுகளைச் சற்றே சாய்த்துச் சரிசெய்தால் இன்னும் நல்லது.

இந்தச் சம தூரத்துக்கு ஏன் இத்தனை பாடு? ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. இரண்டு மைக்குகளுக்கும் இடையே 17 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தால், ஸ்னேரின் ஒலி ஒன்றில் அரை மில்லிநொடி தாமதமாக வந்துசேரும். அந்த இரண்டு சேனல்களையும் மோனோவாகச் சேர்க்கும்போது 1000 ஹெர்ட்ஸ் பகுதியில் இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று தின்றுவிடும்; அதற்கு மேலும் 3000, 5000 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். ஸ்னேரின் உயிர் அந்தப் பகுதிகளில்தான் இருக்கிறது. கைபேசி ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்பவர்கள் மிகுந்த இக்காலத்தில் மோனோவில் ஸ்னேர் மறைந்துபோவது சின்னக் குறை அல்ல. ஹெட்லி கிரேஞ்சில் இந்த அளவுக்கு நூல் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஏனெனில் தொலைவில் இருக்கும் மைக்குகளுக்கு வந்துசேர்வதில் பெரும்பகுதி சுவர்களில் பட்டுச் சிதறிய ஒலி, அது இரண்டு இடங்களிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஒன்றையொன்று ஒழுங்காக அழிப்பதும் இல்லை. கிட்டத்தில் வரவர அளவு கறாராக வேண்டும்.

சேனல் பற்றாக்குறைக்கு இன்னொரு முகமும் உண்டு. லண்டனின் அபே ரோடில் உள்ள ஈஎம்ஐ ஸ்டுடியோவில் 1966 இல் மைக்குகளுக்குப் பஞ்சமில்லை. நாடாவில் இருந்தது நான்கே தடங்கள். டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் ஒரே தடத்தில் சேர்த்துப் பதிந்தால் பிறகு பிரிக்க முடியாது. அங்கே பீட்டில்ஸ் குழுவின் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் தேர்ந்த வழி ஆண்டி ஜான்ஸின் வழிக்கு நேர் எதிரானது. அந்தக் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் கிக் டிரம்முக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து, ஸ்டுடியோ விதிகள் அனுமதித்த தூரத்தையும் மீறி மைக்கைச் சில அங்குல நெருக்கத்துக்குக் கொண்டுபோய், ஃபேர்சைல்டு லிமிட்டரால் அழுத்திப் பதிந்தார். ஒருவர் தூரம் போனார், ஒருவர் நெருங்கி வந்தார். இருவருமே முடிவைப் பின்னுக்குத் தள்ளவில்லை. நாடா ஓடத் தொடங்கும் முன்பே டிரம்ஸ் எப்படி ஒலிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று எட்டு சேனலில் எடுத்து வைக்கும் பழக்கம் நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது இந்தத் தெளிவைத்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

நம் அறைகளில்

நம் வீடுகளின் கான்கிரீட் கூரைத் தளம் பொதுவாகப் பத்து அடி உயரத்தில், அதாவது சுமார் 3 மீட்டரில் இருக்கும். ஸ்னேர் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர், மைக் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், நேரடி ஒலி 1.3 மீட்டர் பயணம் செய்கிறது. தளத்தில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 3.3 மீட்டர் பயணம் செய்கிறது. இந்த இரண்டு மீட்டர் வேறுபாட்டால் சுமார் 85 ஹெர்ட்ஸிலும் 255 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் பள்ளங்கள் விழுகின்றன. கிக்கின் நிறையும் ஸ்னேரின் உடலும் இருக்கும் இடங்கள் அவை. வீட்டில் எடுத்த டிரம்ஸ் பெட்டிக்குள் அடைத்ததுபோல் ஒலிப்பதற்கு முக்கியக் காரணம் மைக்கின் விலை அல்ல, இந்தத் தளம்தான். மைக்குக்கு நேர் மேலே தளத்தின் கீழே ஒரு தடித்த மெத்தையையோ கண்ணாடி இழைப் பலகையையோ கட்டித் தொங்கவிட்டால் மேல்பள்ளங்கள் ஆழம் குறையும். கீழ்ப்பகுதிக்கு அது போதாது.

மைக்கின் கேட்கும் வடிவத்தையும் இங்கே யோசிக்க வேண்டும். எம் 160 போன்ற குறுகிய வகை மைக்குகள் மிகக் குறைவாகக் கேட்பது பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னால், சுமார் 110 பாகையில். நேர் பின்புறம் அவற்றுக்குக் கொஞ்சம் கேட்கும். சாதாரண கார்டியாய்டு மைக் நேர் பின்புறத்தைத்தான் அதிகம் ஒதுக்கும். தாழ்ந்த தளத்தின் கீழே மைக்கைக் குப்புறப் பார்க்க வைக்கும்போது, தளம் அதன் நேர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே அந்த நிலைமையில் புகழ்பெற்ற ரிப்பன் மைக்கைவிடச் சாதாரண கார்டியாய்டு மைக்கே பொருத்தமானது. உயரமான கூடத்தில் இந்தக் கவலை இல்லை.

கையில் ஒரே ஒரு மைக்தான் என்றால், கிட்டுக்கு முன்னால் ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்திலிருந்து தொடங்கி, வாசிப்பவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மைக்கை மேலும் கீழும் நகர்த்தி ஹெட்போனில் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். கீழே போகப்போகக் கிக் கூடும். மேலே போகப்போகச் சிம்பல் கூடும். இரண்டு என்றால் மேலே சொன்ன நூல் முறை. மூன்றாவது சேனல் கிடைத்தால் அதைப் பலரும் ஸ்னேருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நான் கிக்குக்கே கொடுப்பேன். தலைக்கு மேல் இருக்கும் மைக்கில் ஸ்னேர் ஏற்கெனவே நிறைந்து இருக்கிறது. தூரக் கணக்கில் தோற்றுப்போனது கிக்தான். கிக் மைக்கைச் சேர்த்ததும் அதன் துருவத்தை ஒருமுறை மாற்றி, அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்கிப் பார்த்து, மற்ற இரண்டோடு சேரும்போது அடிப்பகுதி எந்த நிலையில் நிறைந்து வருகிறதோ அதில் நிறுத்த வேண்டும். மென்பொருளில் ஒரே பொத்தான். ஆனால் அதைத் தொடாமலே ஈக்வலைசரில் பேஸை ஏற்றிக்கொண்டிருப்பவர்களை அடிக்கடி காண்கிறோம். நான்காவது சேனல் வந்தால் ஸ்னேருக்கு.

லிமிட்டரை ஆண்டி ஜான்ஸ் பயன்படுத்தினார் என்பதற்காகப் பதிவின்போதே பலமாக அழுத்தத் தேவையில்லை. 24 பிட் பதிவில் உச்சங்கள் −12 டெசிபல் அருகில் நிற்கும்படி கெயினை வைத்துத் தூய்மையாக எடுத்துக்கொண்டு, பிறகு, லிமிட்டரைப் போலவே ஆனால் மென்மையாக ஒலியை அமுக்கும் கம்ப்ரஸரில் தொடக்க நேரத்தை 10 முதல் 30 மில்லிநொடிக்குள் வைத்தால் அடியின் முனை தப்பிக்கும். விடுவிப்பு நேரத்தைப் பாட்டின் வேகம்தான் சொல்ல வேண்டும்: அடுத்த முக்கிய அடி வருவதற்குள் கம்ப்ரஸரின் அளவைக் காட்டும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட வேண்டும். 70 தட்டு வேகத்தில் 300, 400 மில்லிநொடி வரை தாராளமாகப் போகலாம். 120 தட்டு வேகத்தில் அதில் பாதிதான்.

உயரமான இடம் வேண்டும் என்பவர்களுக்கு நம் ஊர்களில் வழி இல்லாமல் இல்லை. பழைய கல்யாண மண்டபங்களின் கூடங்களும், அடுக்குமாடிக் கட்டடங்களின் படிக்கட்டுக் கிணறுகளும் ஹெட்லி கிரேஞ்சுக்குச் சளைத்தவை அல்ல. அங்கே போய் மைக்கைக் கட்டுவதற்கு முன், வெறுங்கையால் ஒருமுறை ஓங்கித் தட்டிக் கேட்க வேண்டும். தட்டொலி சீராகத் தேய்ந்து மறைந்தால் அந்த இடம் உதவும். தகரத்தைச் சொடுக்கியதுபோல் ‘டர்ர்’ என்று நடுங்கினால், இணையாக நிற்கும் இரண்டு வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். கிட்டைச் சற்றுக் கோணலாகத் திருப்பி வைத்து, ஒரு சுவரின் மீது கனத்த ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு மறுபடி தட்டிப் பார்க்கலாம்.

எல்லா இசைக்கும் இந்தத் தூரம் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில், இரண்டு கால்களாலும் பதினாறாம் பங்குக் கிக்குகள் வாசிக்கும் மெட்டல் குழுவை எடுத்துக்கொண்டால், ஒரு கிக்குக்கும் அடுத்ததற்கும் இடையே இருப்பது சுமார் 83 மில்லிநொடி. கூடம் முழங்க அதில் இடமே இல்லை. ஒவ்வொரு அடியும் முந்தையதன் எச்சத்துக்குள் விழுந்து, மொத்தமும் ஒரு தொடர் உறுமலாகிவிடும். அங்கே எமரிக்கின் பக்கம் சாய்வதே சரி: சிறிய, போர்வைகளால் அடக்கப்பட்ட அறை, உள்ளே துணி வைத்த கிக், அதற்குள் ஒரு மைக், ஸ்னேருக்கு மேல் முக்கால் மீட்டரில் இன்னொரு மைக். இரண்டே சேனல்தான்; ஆனால் முதல் சேனல் கிக்குக்கே போகிறது, ஸ்டீரியோவை விட்டுக்கொடுத்து மோனோவில் எடுக்கிறோம், டாம்களின் அளவை வாசிப்பவரிடமே ஒப்படைக்கிறோம்.